இடது பக்கத்துப் பிசிறு

ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்யும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த பெட்டியில் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதற்காக வைத்த பெயர். வயதில் மூத்தவர்களும் காதக்கா என்றே அழைத்தார்கள். முதலாளி மட்டும் மேடம் என்பார், அதுவும் வெளியாள் யாராவது இருந்தால்.

பெட்டிகளை வடிவமைப்பது அவள் வேலை. ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த புது மாடலில் மூன்று ஸ்பீக்கர்கள். தரையை அதிரவைக்கிற கனத்த ஒலிகளுக்கு அடியில் பெரிய வூஃபர். சாவிக்கொத்து குலுங்குவது போன்ற சன்ன ஒலிகளுக்கு உச்சியில் சின்ன ட்வீட்டர். மனிதக் குரலைச் சுமப்பதற்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வருகிற பாட்டை மூன்றாகப் பிரித்து அவரவர் பங்கை அவரவருக்கு அனுப்பிவைக்கும் பலகைக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். பாகம் பிரிப்பதில் தகராறு வராமல் பார்த்துக்கொள்வதுதான் தன் பிழைப்பு என்று அவள் சொல்வதுண்டு.

மரப்பட்டறையிலிருந்து முதல் ஜோடி வந்த அன்று, கேட்கும் அறையில் அவள் தனியாக உட்கார்ந்தாள். தடித்த திரையும் கம்பளமும் போட்ட அறை. நடுவில் ஒற்றை நாற்காலி, எதிரே இடதும் வலதுமாக இரண்டு பெட்டிகள். எப்போதும் முதலில் போடுகிற பாட்டையே போட்டாள். ஒரு பெண் தாழ்ந்த குரலில் தனியாகப் பாடுவாள். கொஞ்ச நேரத்தில் பேஸ் கிட்டார் வந்து சேர்ந்துகொள்ளும். அந்தப் பாடகி எங்கே மூச்சு வாங்குவாள் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம்.

கிட்டார் வரும்வரை குரல் பால் மாதிரி இருந்தது. கிட்டார் வந்ததும் இடது பக்கத்தில் ஒரு பிசிறு. புதுத் துணியில் நகம் மாட்டி இழுத்தாற்போல, குரலின் ஓரத்தில் ஒரு நூல் கிளம்பி நின்றது. கிட்டார் ஓய்ந்ததும் பிசிறும் ஓய்ந்தது.

எழுந்துபோய் அளவெடுக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பையன் என்பது பேச்சுக்குத்தான். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். எதைக் கேட்டாலும் கருவியைப் பார்த்துத்தான் பதில் சொல்வான் என்பதால் அவனுக்கு மீட்டர் என்று பெயர்.

"இந்த இடத்தைக் கொஞ்சம் கேளேன். குரல் கரகரங்குதா?"

மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "நல்லாத்தான் இருக்குக்கா. பாடுறவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும்."

"எத்தனையோ வருஷமா இவங்களைக் கேக்குறேன். ஒருநாளும் தொண்டை கட்டினதில்ல."

"அப்ப அளந்து பாத்துடுவோம்."

மைக்கை நிறுத்தி, அடிமட்ட உறுமலிலிருந்து உச்சத்து விசில்வரை ஒரே சத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி ஓடவிட்டான். போட்ட சத்தத்தோடு பெட்டி தானாகச் சேர்த்துக்கொள்கிற கலப்படத்தைக் கம்ப்யூட்டர் ஒரு கோடாக வரைந்து காட்டும். இரண்டு பெட்டிகளுக்கும் அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"பாருங்க. இதைவிடச் சுத்தமா வேணும்னா ஆபரேஷன் தியேட்டர்லதான் வாங்கணும்" என்றான் மீட்டர்.

முதலாளியும் வந்து கேட்டார். அவருக்கு வூஃபர் நன்றாக அடித்தால் போதும், மற்றதெல்லாம் சங்கீதம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே தலையாட்டிவிட்டு, பாட்டு பாதியில் இருக்கும்போதே எழுந்துவிட்டார். "அருமையா இருக்கு மேடம். மரப்பட்டறையில பலகையை அடுக்கி வச்சுட்டு உக்காந்திருக்காங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா மொத்தத்தையும் அறுக்கச் சொல்லிடுவேன்."

சரி என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கேட்கவில்லை. கருவிக்கும் கேட்கவில்லை.

"வாரக் கடைசி வரைக்கும் விடுங்க சார்" என்றாள்.

"நீங்க இவ்வளவு யோசிச்சு நான் பாத்ததில்லையே" என்றபடி முதலாளி போனார். அந்தச் சாதாரணப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் பயம் பெட்டியைப் பற்றியது இல்லை. கொஞ்ச காலமாகவே இடது காதில் ஏதோ சரியில்லை. போனை வலது பக்கமே வைக்கப் பழகியிருந்தாள். கேன்டீனில் இடது பக்கம் உட்கார்ந்து யாராவது பேசினால், எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்து வைத்தாள்.

இதை அவள் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறாள். அவளுடைய அம்மா டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். இதே வயதில் அம்மாவுக்குக் காது மங்க ஆரம்பித்தது, அதுவும் இடது பக்கத்திலிருந்து. வேலை போய்விடுமோ என்று அம்மா அதை மறைத்தாள். பாதி நம்பரைக் கேட்டு மீதியை ஊகித்து இணைப்புக் கொடுத்தாள். டாக்டரைத் தேடிய ஒருவரைச் சினிமா தியேட்டருக்கு இணைத்துவிட்ட நாளில் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை சாமான் கிடங்கில் மூலையில் ஒரு மேசை. "காது போனதுகூடப் பெரிசில்ல. கேக்குற மாதிரியே நடிச்சேன் பாரு, அதுலதான் ஆள் ஓய்ஞ்சு போயிட்டேன்" என்று அம்மா எப்போதாவது சொல்வாள்.

கண்டுபிடிப்பதற்குச் சுலபமான வழி இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும். இடது பெட்டி வலது காதுப் பக்கம் வந்துவிடும். பிசிறும் கூடவே வலது பக்கம் வந்தால் குற்றம் பெட்டியுடையது. இடதிலேயே நின்றால் குற்றம் அவள் காதுடையது. ஒரு நிமிஷ வேலை. இதைத் தெரிந்துகொள்ள மீட்டரோ மைக்கோ தேவையில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் அந்த அறைக்குப் போனாள். நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். ஒரு தடவை, திரையில் தூசி இருக்கிறதே என்று தட்டிவிட்டுத் திரும்பினாள். இன்னொரு தடவை போன் வந்தது. பின்னொரு தடவை போன் வராமலே எடுத்துப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். அம்மா இரண்டு காதிலும் மெஷின் போட்டிருந்தாள். காது போனதற்கு ஈடாகக் கண் இரண்டு மடங்கு வேலை செய்தது. மகள் போனை எந்தப் பக்கம் வைக்கிறாள், டிவி பார்க்க எந்த மூலையில் உட்காருகிறாள் என்பதெல்லாம் அவள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாக வந்து இடது பக்கத்தில் நின்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கு ஒரு மாப்பிள்ளை பாத்திருக்கேன்" என்றாள் அம்மா, தணிந்த குரலில்.

அவள் அடுத்த டம்ளரை எடுத்துத் தேய்த்தாள்.

"ரெண்டு பொண்டாட்டி ஏற்கெனவே இருக்காளுங்களாம். பரவாயில்லையா?"

காதக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அம்மா சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். அதே குரலில், "பரவாயில்லையா?" என்றாள்.

"எதும்மா?" என்று அவள் சட்டென்று திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலையில என் காது டாக்டர்கிட்ட போகணும். மெஷினுக்கு பேட்டரி மாத்தணும். நீயும் வா."

பேட்டரி மூலைக் கடையிலேயே கிடைக்கும். போன வாரம்தான் அம்மா வாங்கியிருந்தாள். காதக்காவுக்கு அது தெரியும். தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். "சரிம்மா" என்றாள். இரண்டு நாளாகச் சொல்ல முடியாமல் இருந்த சரி அங்கே வந்து விழுந்தது.

மறுநாள் காலை, டாக்டரின் வரவேற்பில் இருந்த பெண் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அம்மா மகளின் பெயரைச் சொன்னாள். சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிர்ச் சுவரில் காதைக் குறுக்கே வெட்டிக் காட்டிய பெரிய படம். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா மெஷினைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு போச்சு. எனக்குக் காது" என்றாள் அம்மா, படத்தைப் பார்த்தபடி. "உன் மூக்கு, உன் முடி, உன் பிடிவாதம் எல்லாம் என்கிட்டேருந்து வந்தது. இது மட்டும் வரக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீ இந்த வேலைக்குப் போனப்பவே எனக்குப் பக்குன்னுச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா."

"நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அம்மாவைப் பல வருஷமாகப் பார்க்கிறவள். காதக்காவை உட்காரவைத்து வலது காதில் விளக்கடித்தாள். சரி என்றாள். இடது காதில் விளக்கடித்துவிட்டு, "அடேயப்பா" என்றாள்.

அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன டாக்டர்?"

"உள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம்போல இருக்கு. அவ்வளவு அழுக்கு. காதுல பட்ஸ் போடுவீங்களா?"

"தினமும்" என்றாள் காதக்கா. "சுத்தமா இருக்கணும்னு."

"நல்லா சுத்தம் பண்ணியிருக்கீங்க. எல்லாத்தையும் உள்ள தள்ளித் தள்ளி கல்லு மாதிரி கெட்டியாக்கி வச்சிருக்கீங்க."

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சி, சின்னக் கொக்கியால் இழுத்து, கடைசியில் கிண்ணத்தில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள் டாக்டர். காதக்காவுக்கு அந்த நொடியில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. டாக்டரின் வாட்ச் ஓடுவது கேட்டது. தன் சட்டைக் கை உரசுவது கேட்டது. வெளியே அந்தக் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அழுகை இரண்டு பக்கமும் சமமாக வந்தது.

"வெறும் குறும்பியா?" என்றாள் அம்மா.

"வெறும் குறும்பிதான்மா. இருந்தாலும் டெஸ்ட்டும் பண்ணிடுவோம்."

தடித்த கதவு போட்ட சின்ன அறைக்குள் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு சத்தமாக, மெல்ல மெல்லத் தேய்ந்து வந்தது. கேட்டதும் பொத்தானை அழுத்தினாள். முடிந்துவிட்டது என்று அவள் எழுந்தபோது டாக்டர் தடுத்தாள்.

"இருங்க. இது ஒத்த ஒத்த சத்தம். அமைதியில ஒத்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுடும். கூட்டத்துக்கு நடுவுல பேச்சு புரியுதான்னு பாத்தாத்தான் காதோட லட்சணம் தெரியும்."

இப்போது சந்தை இரைச்சல் போல ஒன்று ஓடியது. அதற்கு மேல் ஒரு குரல் சொற்களைச் சொல்லச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். மரம், கதவு, நாளை, எறும்பு. ஐந்தாவது சொல்லைச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒத்தச் சத்தம். மீட்டரும் ஒத்தச் சத்தத்தைத்தானே போட்டான். பெட்டி பிசிறடித்தது கிட்டாரும் குரலும் சேர்ந்து வந்தபோது. ஒரு நேரத்தில் ஒன்றைக் கேட்டால் எந்தப் பெட்டியும் யோக்கியமாகத்தான் நடந்துகொள்ளும்.

"கேக்கலையா?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்டாள்.

"கேட்டுச்சு டாக்டர். வேற ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு. மறுபடி போடுங்க."

வெளியே வந்ததும் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. பட்ஸை மட்டும் தூக்கிப் போடுங்க" என்றாள்.

"என்னோட மாதிரி இல்லையே?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"ஆரம்பம்கூட இல்லையே?"

"இல்லவே இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

டாக்டர் எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்து, மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து, "உங்க பொண்ணு காது உங்க பொண்ணோடது. அதுல உங்க சமாச்சாரம் எதுவும் இல்ல" என்றாள்.

வெளியே வந்து படியிறங்கும்போது அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பாதிப் படியில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குறும்பி, குறும்பி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலே ஏறி வந்த ஒருவர் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு, காதக்கா நேராகத் தொழிற்சாலைக்குப் போனாள்.

கேட்கும் அறைக்குள் நுழைந்து பாட்டைப் போட்டாள். கிட்டார் வந்தது. பிசிறும் வந்தது, முன்னைவிடத் துல்லியமாக. இந்தத் தடவை அவள் எழுந்து நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

பிசிறு வலது பக்கம் வந்திருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல், வலது பக்கம். இடது காதை விரலால் அடைத்தாள், பிசிறு இருந்தது. வலது காதை அடைத்தாள், தேய்ந்து போனது. அவள் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள்.

மீட்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, பெட்டியோட கோவமா?"

"ஆமா. நம்மளை ஏமாத்திக்கிட்டு இருக்கு. வா, ரெண்டு சத்தத்தை ஒண்ணா போடு. ஒண்ணு கிட்டார் உறுமுற எடம், இன்னொண்ணு குரல் இருக்கிற எடம்."

"ஒண்ணாவா? நாம அப்படிப் போடுறதில்லையே."

"அதனாலதான் தெரியல."

மீட்டர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினான். இரண்டு சத்தங்களையும் சேர்த்து முதலில் வலது பெட்டியில் விட்டான். திரையில் இரண்டு கம்பங்கள் நட்டாற்போல நின்றன, சுற்றிலும் வெறுமை. பிறகு இடது பெட்டிக்கு மாற்றினான். குரலுக்கான கம்பத்தின் இரு பக்கமும் முள் முளைத்திருந்தது. யாரும் போடாத சத்தங்கள். உறுமலும் குரலும் ஒன்றோடொன்று கலந்து பெட்டி தானாகப் பெற்றெடுத்தவை.

மீட்டர் திரைக்கு மூக்கு படுகிற தூரத்தில் குனிந்தான். "இது எங்க இருந்துச்சு இவ்வளவு நாளும்?"

"என் காதுல" என்றாள் அவள்.

"ஆம்ப்ளிஃபயர் பண்ற வேலையா இருக்குமோ?" என்று அதை மாற்றிப் பார்த்தான். முள் அப்படியே இருந்தது. சோதனைக்காகக் கிராஸ்ஓவர் பலகையைப் பெட்டிக்கு வெளியே மேசைமேல் வைத்திருந்ததால் எந்த ஸ்பீக்கரின் ஒயரையும் தனியாகக் கழற்ற முடிந்தது. அவள் நடு ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிவிட்டு, "இப்ப உறுமல் மட்டும் போடு. இன்னும் கீழ கொண்டு போ" என்றாள்.

வூஃபர் முன்னும் பின்னும் அசைந்தது. அது அதன் வேலை. ஆனால் மேலே, ஒயரே இல்லாத நடு ஸ்பீக்கரின் கூம்பும் அசைந்துகொண்டிருந்தது. தூங்குகிறவனின் வயிறு மாதிரி ஏறி இறங்கியது. மீட்டர் கழற்றிய ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தான். மறுபடி கூம்பைப் பார்த்தான். பிறகு ஒரு விரலை நீட்டி மெதுவாகத் தொட்டான். விரலும் சேர்ந்து ஆடியது.

"உசிரு வந்துடுச்சாக்கா இதுக்கு?"

"காத்து வந்திருக்கு. தச்சு அண்ணனைக் கூப்பிடு."

நடு ஸ்பீக்கர் பெரிய பெட்டிக்குள்ளேயே தனக்கென்று மூடிய ஒரு சின்ன அறையில் இருக்க வேண்டும். வூஃபர் கிளப்பும் காற்று அதன்மேல் படக் கூடாது என்பதற்குத்தான் அந்த அறை. எங்கோ சுவர் ஒழுகினால், வூஃபர் அடிக்கிற ஒவ்வொரு அடியும் நடு ஸ்பீக்கரின் முதுகில் விழும். பாடுகிறவளின் முதுகை யாராவது பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் குரல் எப்படி வரும்?

மரப்பட்டறையை நடத்துகிறவர்தான் தச்சு அண்ணன், பட்டறை பக்கத்துத் தெரு. காதில் செருகிய பென்சிலோடு வந்தார். பெட்டியில் குறை என்று கேட்டதும் முகம் சுருங்கியது.

"என் ஒட்டுல காத்து போகாது. தண்ணி ஊத்திப் பாத்தாலும் நிக்கும்."

"உங்க ஒட்டை நான் சொல்லல அண்ணா. நீங்களே வந்து பாருங்க."

மீட்டர் உறுமலைப் போட்டான். ஒயர் இல்லாத கூம்பு ஆடியது. தச்சு அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்குரூ டிரைவரை வாங்கி நடு ஸ்பீக்கரைக் கழற்றினார். உள்ளே விளக்கடித்து, ஒவ்வொரு ஒட்டிலும் கட்டைவிரலை ஓட்டினார். அவர் சொன்னது உண்மைதான். ஒட்டுகள் கச்சிதமாக இருந்தன. கடைசியில் பின்சுவரில், ஒயர் நுழைகிற ஓட்டையில் விரல் நின்றது. ஓட்டையை அடைத்திருந்த ரப்பர் வளையம் லேசாகச் சுழன்றது.

"இதா" என்றார். "இந்தப் பக்கத்துக்கு ஒரு சைஸ் பெரிய டிரில் பிட்டைப் போட்டுத் தொளச்சுட்டாங்க. ரப்பர் உக்காந்த மாதிரி இருக்கு, ஆனா உக்காரல."

"இதைக் கண்ணுல பாத்துக் கண்டுபிடிக்க முடியாது அண்ணா."

"நாளைக்கு நூறு பெட்டி போடும்போதும் இப்படி ஒண்ணு ரெண்டு வரத்தானே செய்யும்?" என்று அவரே கவலைப்பட ஆரம்பித்தார்.

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "ஓட்டையே வேணாம்ணா. சுவத்துல ரெண்டு பித்தளை போல்ட்டை இறுக்கி முடுக்கிடுவோம். வெளிப்பக்கம் ஒரு ஒயர், உள்பக்கம் ஒரு ஒயர். போல்ட் வழியா கரண்ட் போகும், காத்து போகாது."

தச்சு அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் வரைந்து பார்த்தார். "நடக்கும். எனக்கும் வேலை மிச்சம்."

அப்போதைக்கு ஓட்டையைச் சுற்றிப் பட்டிப் பசையை அழுத்திப் பூசி, ஸ்பீக்கரை மாட்டினார்கள். உறுமலைப் போட்டார்கள். கூம்பு அசையவில்லை. ஒயரை இணைத்து, இரண்டு சத்தங்களையும் போட்டார்கள். இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன.

"இனிமே ஒவ்வொரு பெட்டிக்கும் இந்த ரெட்டைச் சத்தத்தைப் போட்டுட்டுத்தான் வெளிய அனுப்புவேன்" என்றான் மீட்டர். யாரும் அவனைக் கேட்கவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் பாட்டு முழுவதையும் கேட்டார். "எனக்கு அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு முகவாயைத் தடவிக்கொண்டு, "ஆனா அன்னிக்குப் பாதியில எழுந்து போனேன், வேலை இருக்குன்னு. இப்ப எழுந்துக்கத் தோணல. அதுக்கு இதுதான் காரணமா?" என்றார்.

"இதுதான் சார்."

"அப்ப சரியா மேடம்?"

"போல்ட்டோட சேத்து, சரி" என்றாள் காதக்கா.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். காதக்கா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"அப்ப பெட்டியிலயும் குறும்பிதானா?"

"இல்லம்மா. அதுல அடைப்பு இல்லாததுதான் குறை."

"என்ன கருமமோ. உன் காது சொன்னது சரியாப் போச்சு இல்ல?"

"சரியாப் போச்சும்மா."

மறுமுனையில் அம்மா நீளமாக மூச்சு விட்டாள். "சீக்கிரம் வந்து படுத்துத் தூங்கு. மூணு நாளா நீ ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே கெடக்குற."

"உனக்கு எப்படித் தெரியும்? மெஷினைக் கழட்டி வச்சுட்டுத்தானே தூங்குவ?"

"நான் எங்க தூங்கினேன்?" என்றாள் அம்மா.